டாக்டரை மாற்றினால் பைலும் கூட வர வேண்டாமா?

ஊர் மாறும்போது காஸ் கனெக்‌ஷனுக்கு டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்குகிறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றினால் டி.சி. கைக்கு வரும் வரை ஓய்வதில்லை. ரேஷன் கார்டில் ஒரு எழுத்து பிசகினால் கூட தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்கிறோம். ஆனால், பத்து வருடம் பார்த்த டாக்டரை விட்டு இன்னொரு டாக்டரிடம் போகும்போது மட்டும் வெறுங்கையோடு போய் உட்காருகிறோம். "முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்றால், "சின்னதா, ரோஸ் கலர்ல ஒரு மாத்திரை டாக்டர்" என்கிறோம். அவரும் பாவம், என்ன செய்வார்? எல்லா டெஸ்ட்டையும் முதலில் இருந்து எழுதித் தருகிறார். செலவு யாருக்கு?

கூச்சம் தான் காரணம். "கைராசி டாக்டர்னு இத்தனை வருஷம் வந்துட்டு, இப்ப பைலைக் கேட்டா என்ன நினைப்பாரோ, நாளைக்கு ராத்திரியில அவசரம்னா இவர்கிட்டத்தானே ஓடி வரணும்" என்ற தயக்கம். ஆண்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் டாக்டரை மாற்றினால் பிடிக்காமல் மாற்றுவார்கள். நமக்கு அப்படி இல்லை. கல்யாணமாகி ஒரு ஊர், பிரசவத்துக்கு அம்மா வீடு, கணவருக்கு மாற்றல் வந்தால் இன்னொரு ஊர், வயதான பின் மகன் வீடோ மகள் வீடோ. ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டர். அதனால், இந்த விஷயத்தில் கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான் அதிகம்.

என் நாத்தனார் மகள் விஷயத்தையே சொல்கிறேன். முதல் பிரசவம் எங்கள் ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சிசேரியன். இரண்டரை வருடம் கழித்து ஓசூரில் இருக்கும்போது மறுபடியும் உண்டானாள். அங்கே பார்த்த பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "போன தடவை கர்ப்பப்பையை எப்படித் திறந்தாங்க? குறுக்கவா, நெடுக்கவா? எதுக்காக ஆபரேஷன்?" இவள், "அடிவயித்துல குறுக்கத்தான் தழும்பு இருக்கு டாக்டர்" என்றிருக்கிறாள். வெளியே தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாதாம். வெளித்தோலில் குறுக்காக வெட்டிவிட்டு, உள்ளே கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகத் திறந்திருக்கவும் கூடும். அப்படி இருந்தால், அடுத்த பிரசவத்தில் வலி வரும்போது அந்த இடம் விட்டுப் போகிற அபாயம் அதிகம்; சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யக் கூடாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக இருந்தால், மற்றதெல்லாம் சரியாக அமைந்தால் முயற்சி செய்து பார்க்கலாம். இரண்டு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ஆபரேஷன் குறிப்பு எழுதிய அந்த ஒரு தாளில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோ, இன்ஷூரன்ஸ் பணம் வாங்க ஒரிஜினலாகவே போய்விட்டது.

நாத்தனாரும் நானும் அந்த ஆஸ்பத்திரியில் போய் நின்றோம். ரிசப்ஷனில் இருந்த பெண், "அதெல்லாம் வெளிய தர்ற வழக்கமில்லம்மா. வேற டாக்டர்கிட்ட காட்டறதுக்குத்தானே?" என்றாள். ஏதோ பக்கத்து வீட்டு ஆளோடு ஓடிப்போகிற மாதிரி ஒரு பார்வை. மறுநாள் போனால், "பழைய பைலெல்லாம் கட்டி மாடியில போட்டாச்சு" என்றார்கள்.

எங்கள் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். "வாயால கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்கம்மா, எழுதிக் குடுங்க" என்றார். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ல் கொண்டு வந்த நடத்தை விதிகளைப் பற்றி அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உள்நோயாளியாகச் சேர்ந்தவரின் ரெக்கார்டை, சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 வருடம் டாக்டர் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், மனு வாங்கியதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுத்தால் அது தொழில் ஒழுங்கீனம். மாநில மெடிக்கல் கவுன்சிலில் புகார் செய்யலாம். இதற்கும் முன்பே, 1996ல், நோயாளிக்கு அவருடைய ரெக்கார்டைத் தராமல் ரகசியம் என்று மறைக்க முடியாது என்று பம்பாய் ஐகோர்ட் சொல்லிவிட்டதாம். தேசிய மனித உரிமைகள் கமிஷன் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஜெராக்ஸ் செலவு மட்டும் நம்முடையது. அது நியாயம்தான்.

நாத்தனார் மகள் ஓசூரில் இருந்து கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினாள். பெயர், ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, 'என் தாயாரிடம் கொடுக்கவும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு காப்பி கொண்டு போய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் வாங்கினோம். மூன்றாம் நாள் மாடியில் கட்டிப் போட்ட பைல் கீழே இறங்கி வந்துவிட்டது. கர்ப்பப்பையைக் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் திறந்திருந்தார்கள். அவளுக்கு நெகடிவ் ரத்தம் என்பதும், குழந்தை பிறந்ததும் ஆன்டி-டி ஊசி போட்டதும் அதே பைலில் தேதியோடு இருந்தது. புது டாக்டர் இதையும் கேட்டுக்கொண்டே தான் இருந்தார். இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் 3 வருடம் தாண்டியிருக்கும். அப்புறம், "எடுத்துப் போட்டுட்டோம்" என்று சொன்னால் நாம் ஒன்றும் பேச முடியாது.

டாக்டர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரிஜினல் கேஸ் ஷீட் அவர்களிடம் இருந்தே ஆக வேண்டும். நாளை கோர்ட் கேட்டால் அவர்கள்தான் காட்ட வேண்டும். அதனால் ஜெராக்ஸ் கேளுங்கள். நாம் காசு கொடுத்து எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் ஒரிஜினலாகவே கேட்டு வாங்கலாம். மார்பிலோ கர்ப்பப்பையிலோ கட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், ரிப்போர்ட் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் லேபில் வைத்திருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அதைக் கொண்டு வரச் சொல்லி, தாங்களே ஒருமுறை பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகலாம். மறுபடி குத்தி சதை எடுக்கிற வேதனை மிச்சமாகலாம். ஈ.சி.ஜி. பேப்பரை உடனே ஜெராக்ஸ் எடுத்து விடுங்கள். அந்த வழவழப்பான தாளில் நாள் ஆக ஆகக் கோடெல்லாம் மங்கி வெறும் தாளாகிவிடும். இன்ஷூரன்சுக்கு அனுப்பும் முன்பும் அப்படியே.

தெருமுனை கிளினிக்கில் வெறும் சீட்டுதான் தருவார்கள். அங்கே, "ஊர் மாறிப் போறோம் டாக்டர், என்ன வியாதி, என்ன மருந்து, எது ஒத்துக்கலைன்னு ரெண்டு வரி லெட்டர் எழுதித் தாங்க" என்று கேட்டால் போதும். கோபித்துக்கொண்ட டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் எம்.ஆர்.டி. என்கிற ரெக்கார்டு பிரிவில் கேட்க வேண்டும். ஐ.பி. நம்பர் இல்லாமல் போனால் ஒன்றும் நடக்காது. தரவில்லை என்றால் 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

"எல்லாம் என் செல்லில் போட்டோவா இருக்கு" என்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். செல் தண்ணீரில் விழுந்தால் பத்து வருட சர்க்கரையும் கூடவே போச்சு. ஆபா நம்பர் வாங்கியாச்சு என்பவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால், மாடியில் கட்டிப் போட்ட பைல் அந்த 14 எண்ணுக்குள் தானாக ஏறிவிடாது. இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். வீட்டில் கணவரின் பைல் பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக இருக்கும். மாமனாருடையது பீரோவில் இருக்கும். அதையெல்லாம் அடுக்கி வைத்த அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும்!

ஆஸ்பத்திரி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் அன்று பஞ்சுக்கும் கையுறைக்கும் கூட பில் போடுகிறீர்கள். அதோடு கேஸ் ஷீட் ஜெராக்சுக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொண்டு, அன்றைக்கே கொடுத்து விடுங்களேன். கைக்குழந்தைக்காரி மாடிப்படி ஏறி வந்து கெஞ்ச வேண்டியிருக்காது.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.