அரிக்கமேடு ரோமானியர் ஊரா?

"அரிக்கமேடா? அது ரோமாபுரிக்காரன் கட்டின துறைமுகமாச்சே!"

கீரப்பாளையம், புவனகிரி, சிதம்பரம் பக்கம் பள்ளிக்கூட வரலாறு படித்த யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். மீதிப் பேர் ஊர்ப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் கடலூர் வழியாக பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அரியாங்குப்பத்தில் இறங்கிப் பார்த்துவிடலாம்.

இந்தப் பதில் தவறு. மாணவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. சொன்னவர் சாதாரண ஆளும் இல்லை.

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். அப்போது அவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். இத்தாலியில் செய்த அரிட்டைன் சிவப்புப் பாண்ட ஓடுகளும், மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த ஆம்போரா சாடிகளும் கிடைத்தன. அரிட்டைன் ஓட்டின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து, கூடவே கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு அளவுகோல். இந்த அளவில் வீலருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. ஏதோ மீனவக் குப்பமாகக் கிடந்த இடத்துக்கு மேற்கிலிருந்து வியாபாரிகள் வந்தார்களாம், உடனே ஊர் எழுந்ததாம். கதை ஜோராக இருந்தது. வெள்ளைக்காரன் வந்து கண்ணைத் திறந்துவிட்டான் என்று நம்பிய காலத்தில் அப்படி ஒரு கதை எடுபடாமல் போனால்தான் ஆச்சரியம்.

பிறகு என்ன ஆயிற்று? 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி தோண்டின. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, தொழில் இருந்தது என்று தெரிந்தது. வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்த 'ரௌலட்டட்' தட்டுகளின் களிமண்ணைச் சோதித்தபோது அது இந்திய மண் என்று வந்தது. அதே வகைத் தட்டு இந்தோனேசியாவின் பாலித் தீவில், செம்பிரான் என்ற ஊரிலும் கிடைத்திருக்கிறது. பாலிக்கு அதை எந்த ரோமானியன் கொண்டுபோனான்?

சரி, கப்பல் யாருடையது? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' குறிப்பேட்டில் பொதுகே என்ற துறைமுகம் வருகிறது. அரிக்கமேடு அதுதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே இடத்தில் உள்ளூர்க் கப்பல்களைப் பற்றியும் அவர் சொல்கிறார். கரையோரம் போகிறவை ஒரு வகை. பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' இன்னொரு வகை. கங்கைக்கும் கிழக்கே பொன் நாட்டுக்கும் போகும் மிகப் பெரிய 'கொலாந்தியா' மூன்றாவது. கிரேக்கனே எழுதி வைத்துவிட்டான், படிக்கத்தான் ஆளில்லை!

அரிக்கமேட்டின் உண்மையான பெருமை மது ஜாடி இல்லை, கண்ணாடி மணி. உருக்கிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள இரும்புக் குழாயில் கூம்பாகச் சுற்றி, அதிலிருந்து மெல்லிய நீளக் குழலாக இழுப்பார்கள். இழுத்ததைப் பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடுகாட்டுவார்கள். கூர் மழுங்கி மணியாகிவிடும். திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை 20ஆம் நூற்றாண்டு வரை வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் குடும்பத்து மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கொரியா வரை கிடைக்கின்றன. இப்படிச் செய்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் எத்தனை வரி?

சரக்கோடு ஆட்களும் போனார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் ஏழு கிலோவுக்கும் மேல் மிளகு, அதுவும் இந்தியச் சாடியிலேயே! தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் ஒரு பொற்கொல்லரின் உரைகல், அதிலும் தமிழ் எழுத்து.

மதமும் இதே கப்பலில்தான் ஏறியது. தாய்லாந்தின் பூகாவ் தாங்கில் கிடைத்த ஒரு ஓட்டின் தமிழ் எழுத்துகளைத் துறவியைக் குறிக்கும் சொல் என்று படித்திருக்கிறார்கள். பெரனிகேயின் ஐசிஸ் கோயிலில் கிடைத்த பளிங்குப் புத்தர் சிலை 2023இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமணத் துறவிகளுக்குக் குகை செய்துகொடுத்ததில் வெள்ளறை வணிகர் குழுவுக்குப் பங்குண்டு. அழகர்மலையில் கொடுத்தவர்கள் பட்டியலில் உப்பு வணிகன், கொழு வணிகன் எல்லாம் வருகிறார்கள். கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூருக்குப் பழைய பெயர் பாடலிபுத்திரம், மகதத்துத் தலைநகரின் அதே பெயர். அங்கேதான் கி.பி. 458இல் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்ற சமண நூலை முடித்தார் என்கிறார்கள். அப்பர் தருமசேனராக இருந்ததும் அந்தப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில்தான் என்கிறது பெரியபுராணம். அரசன் ஒருவன் ஆணையிட்டு வந்த கதை இல்லை இது. உப்பு விற்றவன் காசில் நின்ற கதை.

இதைச் சொன்னதும் இன்னொரு கோஷ்டி கிளம்பும். "தமிழன் ரோமையே ஆட்டிப்படைத்தான், உலகுக்குக் கப்பல் கட்டக் கற்றுக்கொடுத்தான்" என்று மின்னஞ்சலில் சுற்றவிடுவார்கள். இதுவும் வீலர் கதைதான், தலைகீழாக. அங்கேயும் ரோம் கொடுக்கும் சர்டிஃபிகேட்தான் முக்கியம். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று பிளினி புலம்பியதை எடுத்துப்போட்டால் மார்பு நிமிர்ந்துவிடுகிறது. அந்த மணியை இழுத்தவன் என்ன கூலி வாங்கினான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த ரோம மோகத்தால் நஷ்டம் உண்டு. கடலூருக்குத் தெற்கே காரைக்காட்டில் 1960களில் அகழாய்வு நடந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த அதே ரௌலட்டட் ஓடு, ஆம்போரா, மணி எல்லாம் அங்கேயும் வந்தன. பரங்கிப்பேட்டைப் பக்கம் மணிக்கொல்லை என்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி மண்ணில் மணிகள். வடலூர் அருகே மருங்கூரில் 2024இல்தான் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. இவற்றையெல்லாம் அரிக்கமேட்டோடு கோத்துப் பார்த்தால் ஒரு கரை முழுக்க நடந்த தொழில் தெரியும். ஆனால் பளபளப்பான ரோமானியப் பெயர் ஒட்டாத மேட்டுக்கு ஒரு பலகைகூட வைக்க ஆளில்லை. காரைக்காடு, குடிக்காடு பகுதியில் இன்றைக்கு நிற்பது சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள். அவற்றின் அடியில் எத்தனை ஏக்கர் பழைய ஊர் போயிற்று என்று அளந்து சொல்லுங்கள். ரோமானியனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.