பத்துக் கிலோ ஈயம் தேவைதானா?

மாருதி 800 காரின் முன்மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் சிறிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருப்பதைக் காணலாம். 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பார்க்கத்தான் சிறியது. தூக்கினால் ஏறக்குறையப் பத்துக் கிலோ இருக்கும். உள்ளே இருப்பது ஈயமல்லவா! ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் எடை 11.3 கிராம், இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாந்தே அமைத்த ஈயச் சேமக்கலத்தின் வழித்தோன்றல்தான் இது.

இந்தப் பத்துக் கிலோவைக் குறைக்கலாமா? சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வரும் காருக்கு இப்படி ஒரு கேள்வி எழுவதில்லை. பந்தயக் காருக்கு எழும். நம் நாட்டிலும் எழுந்திருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று அவற்றுக்குப் பெயர். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல்தான் வந்தது. 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு கார்களைக் கொண்டுவந்து ஓட்டும் 'ஃபார்முலா பாரத்' போட்டி நடைபெற்றுவருவதும் அங்கேதான்.

தக்கலையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் உண்டு. இன்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும் உங்களில் சிலர் நாளை அப்படி ஒரு காரைக் கட்டும் குழுவில் இருப்பீர்கள். அப்போது யாராவது ஒருவர், "லித்தியம் பேட்டரி போட்டால் எடை பறந்துவிடும்" என்று சொல்வார். அவசரப்படாதீர்கள் என்பதே என் கருத்து. முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

சிறிய எஞ்சினைச் சுழற்றிவிட ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 150 ஆம்பியர் மின்னோட்டம் இரண்டு வினாடி தேவை என்று கொள்வோம். பெருக்கினால் 300 ஆம்பியர்-வினாடி. ஒரு மணிக்கு 3,600 வினாடி. ஆக, ஒரு முறை எஞ்சினைக் கிளப்பச் செலவாவது 0.083 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது நானூற்றில் ஒரு பங்குதான்! கிளம்பிய பிறகு மின்சாரம் தரும் வேலையை ஆல்டர்னேட்டர் ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால் எட்டு டார்ச் செல்களை வரிசையாக இணைத்தாலும் 12 வோல்ட் கிடைக்குமே, அதைக் கொண்டு காரைக் கிளப்பலாமா? முடியாது. ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த மின்கலத்துக்கும் உள்ளுக்குள் ஒரு தடை உண்டு. அதை அகமின்தடை என்று படித்திருப்பீர்கள். கார் பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் என்றால் 150 ஆம்பியர் பாயும்போது உள்ளேயே 1.5 வோல்ட் விழுங்கப்படும். மிச்சத்தில் மோட்டார் சுழலும். அதுவே 0.04 ஓம் என்றால் 6 வோல்ட் போய்விடும். மோட்டார் முனகுவதோடு சரி. டார்ச் செல்களின் அகமின்தடையோ இன்னும் பல மடங்கு. ஈய பேட்டரியில் பல தகடுகளை நெருக்கி அடுக்கிப் பரப்பைக் கூட்டியிருப்பது இந்தத் தடையைக் குறைக்கத்தான். எடையும் அதனால்தான் ஏறுகிறது.

ஆகவே பந்தயக் காருக்குப் பேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஆம்பியர்-மணி என்றல்ல, ஒரே மூச்சில் எத்தனை ஆம்பியர் தரும் என்று. அதற்கும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது உறைபனி நாடுகளை மனத்தில் வைத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளந்த எண். குளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போகும், பேட்டரியும் சோர்ந்துவிடும். நாஞ்சில் நாட்டிலோ மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பனி நாட்டுக்காரர் தேடும் அளவுக்குப் பெரிய எண்ணுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் பகை குளிரல்ல, வெயில். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் அறிந்த கணக்கு.

இந்த வழியை ஏற்கெனவே ஒரு பெரிய நிறுவனம் நடந்து காட்டியிருக்கிறது. ஜெர்மனியின் போர்ஷே, 2010 முதல் தன் சில விளையாட்டுக் கார்களுக்கு லித்தியம் பேட்டரியை விருப்பப் பொருளாகக் கொடுத்தது. 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருந்த இடத்தில் வெறும் 18 ஆம்பியர்-மணி. எடை 6 கிலோவுக்கும் குறைவு. பத்துக் கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தால் கிளப்பும் ஆற்றல் குறையும் என்று சொல்லி, வழக்கமான பேட்டரி ஒன்றையும் கூடவே தந்தார்கள்!

அந்த பேட்டரியின் வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட். இந்தப் பொருளின் பயனை 1997இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் ஜான் குடெனஃப், பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர். அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், இரும்புச் சேர்மங்களில் குடெனஃபுடன் வேலை செய்து வழி திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து மதுரையில் வேதியியல் பயின்றவர். குடெனஃபுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையாற்றியவர் மந்திரம்தான். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் லித்தியம் மின்கல ஆய்வுகள் நடக்கின்றன. ஆக, இது நமக்கு அன்னியமான சரக்கல்ல.

பிறகு ஏன் அவசரம் வேண்டாம் என்கிறேன்? எடையையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடியிழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சவைத்து மூடிய சிறு ஈய பேட்டரிகள் இருக்கின்றன. பெரிய மோட்டார் சைக்கிள்களில் இருப்பவை போன்றவை. 18 ஆம்பியர்-மணி அளவில் சுமார் 6 கிலோ. கார் கவிழ்ந்தாலும் அமிலம் சிந்தாது. நம் வெயில் ஊரில் சிறு எஞ்சினைக் கிளப்ப, கிளப்புவதற்கென்றே செய்யப்பட்ட இத்தகைய பேட்டரி போதும். நாலு கிலோ இங்கேயே குறைந்துவிடுகிறது. லித்தியத்துக்குப் போனால் மேலும் மூன்று கிலோ குறையும். விலையோ பல மடங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. பந்தயத்துக்குத் தேவையானதற்கு மேல் ஊற்றும் நாலு லிட்டரைத் தவிர்த்தால் அதே மூன்று கிலோ செலவில்லாமல் கிடைக்கிறது! இப்படிக் கைக்கெட்டியதையெல்லாம் முடித்த குழு லித்தியம் வாங்கட்டும்; தவறில்லை. 250 கிலோ காரில் மூன்று கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல்.

எடை எல்லா இடத்திலும் எதிரியென்றும் எண்ண வேண்டாம். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூருக்காகப் பீரங்கி வார்த்த இடம். பீரங்கி கனமாக இருந்தால்தான் சுடும்போது பின்னுதைப்பு குறையும். அங்கே எடை நண்பன்.

ஒரு வழியை மட்டும் நான் அடியோடு எதிர்க்கிறேன். பழைய மடிக்கணினிகளிலிருந்து செல்களைப் பிரித்து, மூன்று மூன்றாக வரிசைப்படுத்திப் பற்றவைத்து, "லைட் வெயிட் பேட்டரி" செய்யும் வித்தை அது. அந்தச் செல் ஒன்றுக்கு உச்சவரம்பு 4.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 14.4 வோல்ட். மூன்றால் வகுத்தால் செல் ஒன்றுக்கு 4.8. வரம்பு மீறி மின்னேற்றினால் அந்தச் செல் சூடேறித் தீப்பிடிக்கும். அணைப்பதும் எளிதல்ல. நாலு செல் வைத்தாலும் எல்லாச் செல்லும் ஒரே சீராக ஏறுமென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் கண்காணிக்கும் மின்சுற்று வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் நாலு செல், ஒன்றுக்கு 3.6 வோல்ட் வரை ஏற்றலாம். பெருக்கினால் சரியாக 14.4. கார்களுக்கு அந்த வகை பொருந்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எஞ்சின் சூட்டைவிட்டு விலக்கி வைக்க வேண்டியது மட்டும் இரண்டு வகைக்கும் பொது.

விலக்கி வைப்பதற்கும் விலை உண்டு. மூன்று மீட்டர் செம்புக் கம்பி, குறுக்குவெட்டு 25 சதுர மில்லிமீட்டர் என்றால் செம்பு மட்டும் ஏறக்குறைய 670 கிராம். 150 ஆம்பியரில் அது 0.3 வோல்ட்டையும் தின்னும். பேட்டரியில் மிச்சம்பிடித்ததைக் கம்பியில் விடாமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஸ்டார்ட்டருக்குப் பக்கமாக ஓர் இடம் தேட வேண்டும்.

கழற்றிய பழைய ஈய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவோர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் புகையும் தூசியும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பேட்டரிகளை உற்பத்தியாளர்கள் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்வார். அந்த ஒரு இடத்தில் மட்டும் பேட்டரி எவ்வளவு கனமோ அவ்வளவு லாபம்.