செஞ்சோற்றுக் கடன்

2015-ஆம் ஆண்டு ஜூலையில் ‘பாகுபலி’ படத்தின் முதற்பாகம் கண்டு கொட்டகையினின்று வெளிப்போந்தோர் நாவில் ஒரு வினாவே நின்றது: கட்டப்பா பாகுபலியைக் கொன்றதேன்? 2017 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வெளிவருமளவும் அவ்வினா ஓயவில்லை.

விடை யாது? முன்னோர் அளித்த வாக்கினால் மகிழ்மதி அரியணைக்கு அடிமைப்பட்டவன் கட்டப்பா. இராஜமாதா சிவகாமி கொலைக்கட்டளை பிறப்பித்தபோது மன்றாடினான், பின்னர்ப் பணிந்தான், முதுகிலே வாளைப் பாய்ச்சினான்.

எம்முடன் கண்டோரிற் பலர், “அடிமை வேறென் செய்வான்?” என்று இரங்கினர். அவ்விரக்கத்தை நாம் குறைகூறோம். ஆயினும் கும்பகருணனை ஈண்டு நினைத்தல் தகும். அவனும் தமையனுக்கு அறமுரைத்தான். அவ்வுரை ஏலாதபோது போர்க்களம் புகுந்தான். அறமல்லாத பக்கம் நின்றது பிழையே. எனினும், உண்ட சோற்றுக் கடனைத் தன்னுயிர் கொடுத்துத் தீர்த்தான். கட்டப்பாவோ குற்றமற்ற பிறன் உயிரால் தீர்த்தான். இவ்விரண்டும் ஒரு தன்மையவாமோ?

கட்டளை பிறப்பித்தோர் கை கறைபடுவதில்லை. பணிவோர் கையே கறைபடுகின்றது. வலியோர் வலிமையெல்லாம் பணிவோர் தோளின்மேல் நிற்பதன்றோ? நாளை பதவிகளில் அமர்ந்து மேலோர் ஏவல் கேட்கவிருக்கும் மாணவ நண்பர்காள்! ‘ஏன் கொன்றான்?’ என்று இரண்டாண்டு வினவினோம். ‘கொல்லேன் என்று கூறியிருத்தலாகாதா?’ என்று ஒருநாளேனும் வினவுவோமாக.