பூட்டு என்ற சொல்லும் பூட்டப்பட்ட டிராக்டரும்

மலையாளத்தில் நிலத்தை உழுவதைப் 'பூட்டுதல்' என்பார்கள். கொல்லங்கோட்டுத் தமிழ் வீடுகளிலும் 'கண்டம் பூட்டியாச்சா?' என்ற கேள்வி காதில் விழும். மாட்டை நுகத்தில் பூட்டியதிலிருந்து பிறந்த வழக்கு இது. தமிழில் ஏர்பூட்டு உண்டு, சித்திரையில் பொன்னேர் பூட்டுவதும் உண்டு. மாடு போய் டிராக்டர் வந்த பிறகும் சொல் போகவில்லை. மொழியியல் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பொருள் மாறினாலும் பெயர் தங்குவது மொழியின் இயல்பு. ஆனால் இதே வினைக்கு இரு மொழிகளிலும் இன்னொரு பொருளும் இருக்கிறது. கதவைப் பூட்டுவது. சென்ற முண்டகன் பருவத்தில் அவ்விரு பொருள்களும் ஒரே வயலில் சந்திப்பதைக் கண்டேன். இந்தப் பதிவு அதிலிருந்து எழுந்தது.

எங்கள் கண்டத்தில் சேறடிக்க வந்த வாடகை டிராக்டர் மூன்றாவது சுற்றில் விசை இழந்தது. அணைந்துவிடவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரோட்டவேட்டரை இழுக்கும் வலு மட்டும் இல்லை. திரையில் ஒரு மஞ்சள் விளக்கு, அதன்கீழ் சில எண்கள். ஓட்டுநர் இருபத்தைந்து ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். டீசல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு வரப்பில் அமர்ந்து சொன்னார்: "மிசினுக்கு ஒண்ணுமில்ல தம்பி. அது என்னமோ நெனச்சுக்கிட்டு நிக்குது."

நான்காம் நாள் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். உணரி ஒன்று பழுது என்றார். ஒன்பதாம் நாள் புது உணரி வந்தது. மாட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மாட்டிய பிறகும், மடிக்கணினியிலிருந்து பழுதுக்குறி அழிக்கப்படும் வரை எஞ்சின் முழு விசையைத் தர மறுத்தது. இதற்குள் 22 நாள் நாற்று 31 நாள் நாற்றாகிவிட்டது. முற்றிய நாற்று தூர் கட்டுவது குறையும். மீன்கரை, சுள்ளியாறு அணைகளின் தண்ணீர் முறைவைத்து வருவது. ஓர் உணரி வந்து சேரும்வரை அது காத்திராது. அது எந்த நிறுவனத்தின் டிராக்டர் என்பது இங்கே பொருட்டல்ல. எந்த நிறுவனமாக இருந்தாலும் இதே கதைதான் என்பதுதான் சிக்கல்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் 'உழவர்களின் தொழில்நுட்பத் தயக்கம்' என்ற தொடரை ஏழு முறை கேட்டேன், எண்ணிக்கொண்டே இருந்தேன். உயர்தொழில்நுட்ப டிராக்டர்களின் விலை நியாயமானது என்றும், அதை உணர முடியாதது சிறு உழவரின் அறியாமை என்றும் அங்கே பேசப்பட்டது. தயக்கம் இருப்பது உண்மை. அது அறியாமை அன்று, கணக்கு. அந்தக் கணக்கை மேடையில் யாரும் போட்டுக் காட்டாததால் நான் இங்கே போடுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக; உங்கள் ஊர் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளாண் பொறியியல் பாடநூல்கள் டிராக்டருக்கு 10 ஆண்டு, 10,000 மணி நேர ஆயுள் என்று கொள்கின்றன. அதாவது ஆண்டுக்கு 1,000 மணி. எளிய டிராக்டரைவிட மின்னணு டிராக்டர் 3 இலட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையாக 10 விழுக்காடு திரும்பக் கிடைத்தால், தேய்மானம் 2.7 இலட்சம். ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால் மணிக்கு 27 ரூபாய். ஆனால் சொந்த வயலும் அக்கம்பக்கத்து வயலும் மட்டும் உழுபவருக்கு ஆண்டுக்கு 300 மணி கிடைத்தால் பெரிது. அவருக்கு மணிக்கு 90 ரூபாய். வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

இனி வரவு. மின்னணு எஞ்சின் டீசலை மிச்சப்படுத்தும் என்பது மெய். பத்து விழுக்காடு என்றே கொள்வோம். மணிக்கு 4.5 லிட்டர் குடிக்கும் வேலையில் 0.45 லிட்டர் மிச்சம். லிட்டர் 95 ரூபாய் என்றால் ஏறத்தாழ 43 ரூபாய். ஆயிரம் மணி ஓட்டுபவருக்கு இலாபம், முந்நூறு மணி ஓட்டுபவருக்கு நட்டம். நடுக்கோடு ஆண்டுக்கு 630 மணி அளவில் விழுகிறது. இதில் பழுதாகி நிற்கும் நாளைச் சேருங்கள். ஒன்பது நாள், நாளுக்கு எட்டு மணி, மொத்தம் 72 மணி. மணிக்குச் செலவு போக 400 ரூபாய் மட்டுமே மிஞ்சும் என்றாலும் 28,800 ரூபாய் போயிற்று. 43 ரூபாய் மிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து அந்த இழப்பை ஈடுகட்ட 670 மணி ஓட்ட வேண்டும். ஒரே ஒரு உணரி, இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட மிச்சத்தைத் தின்றுவிட்டது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி 0.18 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75. பாலக்காட்டின் நெல்வயல்கள் கேரளச் சராசரியைவிடப் பெரியவை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் வரப்புக்கு வரப்பு திரும்பித் திரும்பி உழும் கண்டத்தில், செயற்கைக்கோள் வழிகாட்டும் நேர்கோட்டுச் செலுத்தம் எதை மிச்சப்படுத்தும்? அது பிறந்த வயல்களில் ஒரு சாலின் நீளம் எங்கள் ஊர்த் தெருவைவிட நீளம்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. டீசல் புகை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கான ட்ரெம் 4 மாசு விதிகள், பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளே பொது எரிபொருள் குழாயையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் டிராக்டருக்குள் கொண்டுவந்தன. புகையை நாள் முழுதும் முதலில் மூச்சில் வாங்குபவர் அந்த ஓட்டுநர்தாம். எனவே விதி வேண்டும் என்பதே என் நிலை. என் கேள்வி வேறு. புகையைக் குறைக்க உணரி தேவை, சரி. உணரியின் பழுதை ஊர் மெக்கானிக் படிக்கக் கூடாது என்பது எந்த மாசு விதியில் இருக்கிறது? உணரி வைப்பது பொறியியல். அதைப் பூட்டி வைப்பது வணிகம். விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் 'தொழில்நுட்பம்' என்கிறார்கள். நாமும் அப்படியே திருப்பிச் சொல்கிறோம். (விதிக்குத் தப்பி, 49 குதிரைத்திறனில் வந்து நின்றுகொள்ளும் மாடல்கள் விற்பனைப் பட்டியல்களில் இருப்பது தனிக்கதை. சந்தைக்கும் தயக்கம் உண்டு போலும்.)

இங்கே என் துறை குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் தோன்றிய எண்கள் புதிர் அல்ல, ஒரு மொழி. கனரக வாகனங்களுக்கான ஜே1939 என்ற பொதுத்தரத்தில் ஒவ்வொரு பழுதும் இரு எண்களால் சொல்லப்படும். முதலாவது எஸ்.பி.என்.: எந்த உறுப்பு அல்லது எந்த அளவு. இரண்டாவது எஃப்.எம்.ஐ.: அதற்கு என்ன ஆயிற்று. அதாவது ஓர் எழுவாய், ஒரு பயனிலை. 157 என்றால் எரிபொருள் குழாயின் அழுத்தம்; 1 என்றால் அளவு மிகக் கடுமையாகத் தாழ்ந்திருக்கிறது. '157, 1' என்பது 'எரிபொருள் அழுத்தம் அடியோடு குறைந்துவிட்டது' என்ற முழு வாக்கியம். இவ்வளவு எளிய இலக்கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பத்தாம் வகுப்புப் படித்த ஒருவர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பொதுத்தரத்துக்கு அப்பால் நிறுவனங்கள் தத்தம் தனிக்குறிகளை வைத்துக்கொள்கின்றன. அவற்றைப் படிக்கும் கருவியும் அழிக்கும் அனுமதியும் விற்பனை நிலையத்திடம் மட்டும் இருக்கின்றன. பேசும் பொறியை விற்றுவிட்டு அகராதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்று இதற்குப் பெயர்.

பழைய கலப்பையின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர் உழவர்: மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி. டிராக்டர் வந்தபோது சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தன. ஆனால் அவை ஊருக்குள் இறங்கின. நாசில், கிளட்ச் பிளேட், டாப் லிங்க், ஒன்பது கலப்பை. எழுதப் படிக்கத் தெரியாத ஓட்டுநரும் இவற்றை வைத்து ஒரு பழுதைத் தொலைபேசியில் பொள்ளாச்சி மெக்கானிக்குக்கு விளக்கிவிடுவார். அவர் சரியான உதிரியோடு பேருந்தில் வந்து இறங்குவார். கடன்சொல் குற்றமில்லை. பேசுவோர் இல்லாத சொல்தான் குற்றம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. கொல்லங்கோட்டுக்காரர் திருவனந்தபுரத்துக்குத் தமிழில் எழுதலாம். தன் வயலில் நிற்கும் டிராக்டரோடு பேச முடியாது.

'இதெல்லாம் பின்தங்கிய ஊரின் புலம்பல்' என்று எண்ணுபவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், பழுதுநீக்கும் வழிகளைக் கட்டுப்படுத்துவதாக ஜான் டியர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவருக்கே தாங்கவில்லை. 2022இல் உக்ரைனின் மெலிதோபோலிலிருந்து ரஷ்யப் படையினர் கடத்திச் சென்ற டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் தொலைவிலிருந்தே முடக்கப்பட்டன. அன்று உலகமே கைதட்டியது, நானும் மகிழ்ந்தேன். கள்வனின் கையில் முடக்க முடிந்ததை உரியவர் கையிலும் முடக்க முடியும் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று வேளாண் கருவிகள். அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. வாயில் இருக்கிறது, சட்டம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்லதே. ஆனால் அது வாங்கும் நாளில் கிடைக்கும் மிச்சம். நான் சொல்லும் செலவு அடுத்த பத்து ஆண்டுக்கானது.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள். அதற்கு இப்போதே பதில். லேசர் கொண்டு நிலம் சமன் செய்வது தண்ணீரை உண்மையாகவே மிச்சப்படுத்துகிறது, எங்களுக்கு அது வேண்டும். பவர் ஸ்டியரிங் ஓட்டுநரின் தோள்பட்டையைக் காக்கிறது, அதுவும் வேண்டும். துர்காப்பூர் ஆய்வு நிலையத்தில் இந்தியர்கள் வடிவமைத்து 1974இல் சந்தைக்கு வந்த ஸ்வராஜும், 1973இல் கேரள அரசு தொடங்கிய காம்கோவின் பவர் டில்லரும் தம் காலத்தின் உயர்தொழில்நுட்பங்களே. அவற்றைத் திறந்து பார்க்க முடிந்தது. அதனால்தான் அவை ஊருக்குள் நிலைத்தன.

ஆகவே கேட்பது இதுதான். குழுக்களின் கருவி மையங்களுக்கு 80 விழுக்காடு வரை அரசு மானியம் தருகிறது. மக்கள் பணம் போகும் இடத்தில் நிபந்தனை விதிக்க அரசுக்கு உரிமை உண்டு. மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு டிராக்டருக்கும் முழுப் பழுதுக்குறிப் பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் தரப்பட வேண்டும். குறிகளைப் படித்து அழிக்கும் கருவி பாடசேகர சமிதிக்கு விற்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லை என்று நிறுவனங்கள் சொன்னால், இப்பதிவைப் படிக்கும் மொழியியல் மாணவர்கள் பத்துப் பேர் போதும். நான் முதல் ஆள்.

அந்த ஓட்டுநர் அண்ணனை நேற்றுப் பார்த்தேன். உரிமையாளரிடம் சொல்லி, கொட்டகையில் கிடந்த பழைய டிராக்டரின் பம்பைக் கழற்றிப் பொள்ளாச்சிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அடுத்த நடவுக்கு எங்கள் கண்டத்தில் அதுதான் இறங்கும் என்றார்.