கறுப்பு வேனில் வெள்ளைப் புள்ளிகள்



சென்ற மாதம் புத்தளத்தில் இருக்கும் என் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் மச்சானின் கறுப்பு வேன் நின்றது. ஹயருக்கு ஓடும் வேன். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். மறுநாள் ஒரு கல்யாணப் பயணம். ராத்தாவின் மூத்த மகள் நடுப்பகல் வெயிலில் நின்று வேனைக் கழுவினாள். காய்ந்த பிறகு பார்த்தால், அரிசிமாவைத் தெளித்தது போல எங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

"ஒழுங்காகக் கழுவினால் இப்படி வருமா?" என்று மச்சான் ஏசிவிட்டார். பிள்ளை காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். புள்ளிகள் போகவில்லை, மெல்லிய கீறல்கள்தாம் விழுந்தன.

"மாமா, ரெண்டு தரம் கழுவினேனே!" என்று என்னிடம் வந்து அழுதாள்.

நான் குசினியிலிருந்து கேத்தலை எடுத்து வந்து, மூடியைத் திறந்து மச்சானிடம் காட்டினேன். உள்ளே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படை. "இதுவும் கழுவாததால் வந்ததா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

இரண்டும் ஒன்றுதான். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கல்சியமும் மக்னீசியமும் கூடுதலாகக் கரைந்த இந்த நீரையே வன்னீர் என்கிறோம். காயும்போது நீர் ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும். வெள்ளை வாகனத்திலும் அது உண்டு, கண்ணுக்குப் படுவதில்லை. கறுப்பிலும் கடும்நீலத்திலும் ஒவ்வொரு துளியும் சாட்சி சொல்லும்.

தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்தாலும், படிகாரம் போட்டாலும் கலங்கல் தெளியுமே தவிர கரைந்த சுண்ணாம்பு நீங்காது. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே: தண்ணீரைத் தானாகக் காய விடக்கூடாது.

காலையிலோ மாலையிலோ நிழலில் வைத்துக் கழுவுங்கள். ஓடி வந்த வாகனம் என்றால் தகடு ஆறும்வரை பொறுங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு பக்கத்தைக் கழுவி முடிக்கும்வரை மற்றப் பக்கங்கள் காயாமல் இடையிடையே நனையுங்கள். சவர்க்காரக் கட்டி வேண்டாம். அது வன்னீரில் நுரைக்காமல் திரைந்து படியும். வாகனத்துக்கென விற்கும் ஷாம்பு நல்லது.

கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பீலியில் வழிவதைப் பீப்பாவில் பிடித்து, மூடி வையுங்கள். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை விட்டுவிடுங்கள். பைப் தண்ணீர்தான் என்றால், முனையை நசுக்கிச் சிதற விடாமல் மெதுவாக வழிய விடுங்கள். துளிகள் குறைவாகவே நிற்கும். உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, கைபிடி ஆகியவற்றை மறக்க வேண்டாம். அங்கிருந்துதான் பின்னர் நீர் வடியும்.

புள்ளி விழுந்துவிட்டதா? நாள் கடத்தாதீர்கள். வெயிலில் நாட்கணக்கில் கிடந்தால் அது பெயின்ற்றையே அரித்துத் தடம் பதிக்கும். வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, முதலில் கண்ணில் படாத மூலையில் பூசிப் பாருங்கள். பழுதில்லை என்றால், நிழலில் வைத்து, நனைத்த துணியைப் புள்ளிமேல் ஓரிரு நிமிடம் வைத்துத் துடையுங்கள். வினாகிரி காயுமுன் நன்றாக அலசி, ஈரத்தை ஒற்றிவிடுங்கள். வினாகிரி மெழுகையும் எடுத்துவிடும். பிறகு வாகன மெழுகு பூசினால் பளபளப்பு நிலைக்கும்.

அன்று மாலை அப்படியே செய்தோம். புள்ளிகள் போயின, கீறல்கள் போகவில்லை. பிள்ளையின் கையில் குறையில்லை, கடைசித் துடைப்பில்தான் குறை என்று மச்சானுக்கும் விளங்கியது.

இப்போது மகள் தண்ணீர் ஊற்ற, வாப்பா பின்னாலேயே துணியோடு வருகிறாராம். ராத்தா சொல்லிச் சிரித்தார்.