ஊசி போடும் கையும் விசை தட்டும் கையும்

முப்பதாண்டுக் காலம் நாடி பிடித்த கை. நள்ளிரவில், அரைகுறை வெளிச்சத்தில், குழந்தையின் மெல்லிய நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றிய கை. அந்தக் கை இன்று கணினியின் முன்னே தயங்குகிறது. உடனே, "அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்! தெரியாதது அவர் குற்றமா? கற்றுத் தராதது யார் குற்றம்?

புதுவைக்கு இது புறம்பான கேள்வி அல்ல. 2020 ஆகஸ்டு 15-ல் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, முன்னோட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு யூனியன் பிரதேசங்களிலே நம் புதுச்சேரியும் ஒன்று. ஆளுக்கு 14 இலக்க எண். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி வந்தது. போட்ட ஊசியெல்லாம் 'கோவின்' தளத்தில் ஏறியாக வேண்டும் என்றார்கள். திட்டத்தை நாம் குறை கூறவில்லை. சீட்டு தொலைந்தால் சிகிச்சை விவரமும் தொலையும் நிலை ஒழிந்தால், ஏழைக்கு அது இலாபமே.

ஆனால், திட்டம் தீட்டியோர் வார்டுக்குள் வந்து பார்க்கட்டும். கணினி தெரிந்த 'குற்றத்திற்காக' இளைய நர்ஸ் பொழுதெல்லாம் திரைமுன் உட்கார்ந்தால், நோயாளியின் முகம் பார்த்து நோயறியும் பழக்கம் அவருக்கு எப்போது வரும்? மூத்தவர் இன்னொருவரைக் கெஞ்சி, அவர் பெயரிலே பதிவு செய்தால், மருந்தின் அளவு தவறும்போது பழி யார் தலையில் விழும்? பாதிக்கப்படுவது நோயாளி அல்லவா?

வயதாகிவிட்டதால் வராது என்பது வீண்பேச்சு. அதே அம்மையார் வெளிநாட்டுப் பேரனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறாரே! கணக்கும் செவிலியருக்குப் புதிதல்ல. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் மாண்ட சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் படம் வரைந்து காட்டியவர் யார்? செவிலியர் குலத்தின் முன்னோடி பிளாரன்ஸ் நைட்டிங்கேல்! மாறியிருப்பது கருவி, கடமை அல்ல. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியபோது, பிரெஞ்சிலே பழகிய இவ்வூர் அலுவலகங்கள் ஆங்கிலத்திற்குப் பழகவில்லையா?

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்கட்டும். விடுமுறை நாளைப் பறித்து அல்ல. இரண்டு மணி நேர விளக்கவுரையோடு கைகழுவாமல், பழகும்வரை பக்கத்தில் ஆள் இருக்கட்டும். திரையில் தமிழும் தெரியட்டும். இளையவர் மூத்தவருக்கு விசைப்பலகையைக் கற்பிக்கட்டும். மூத்தவர் இளையவருக்கு நோயாளியைக் கற்பிக்கட்டும். இதில் யாருக்கும் சிறுமை இல்லை.

1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலே இன்றைய ஜிப்மர். இருநூறு ஆண்டுகளாக மருத்துவம் கற்பிக்கும் ஊருக்கு, தன் செவிலியருக்கு ஒரு கருவியைக் கற்பிக்க நேரமில்லையா? நேரம் இருக்கிறது. மனம்தான் வேண்டும்!