நெல்விலை சரிந்தபோது கிளம்பிய நூலக வண்டி

பணமுடைக் காலத்தில் நூலகத்துக்கு நிதி கேட்பது நாகரிகமில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காலம் தெளியட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்கிறோம். காவிரிக் கடைமடையில் நடந்தது வேறு. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் தஞ்சை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நெல்விலை சரிந்தது, விளைந்த காலத்தில் வாங்கிய கடனோ அப்படியே நின்றது. அந்த நெருக்கடிக்கு நடுவே, 1931இல், மன்னார்குடி மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் கே.எம்.செல்லப்பா தன் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகறிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அதுவே வித்து. கையில் காசு புரண்ட காலமாக இருந்திருந்தால் இவர்கள் இன்னும் பெரிதாகச் செய்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு காலம் வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

தனிமனிதரின் நல்லெண்ணம் அவரோடு முடிந்துவிடும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் இருபது ஆண்டுகள் விடாமல் கேட்டது. மாநாடு கூட்டியது, மசோதா வரைந்தது, ஆட்சிகள் மாறியபோதும் கோரிக்கையைக் கைவிடவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போதும் வளமான காலமில்லை. போர் முடிந்து மூன்றே ஆண்டுகள், அரிசிக்குப் பங்கீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. தமிழ்நாட்டில் இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று தனியே வசூலாகிறது. நிதியமைச்சரின் மனநிலை எப்படியிருந்தாலும், வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் கட்டுகிறார்.

அந்தச் சட்டம் வந்தபோது, இன்று புதுச்சேரியின் ஒரு பகுதியான நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954இல் ஆட்சி கைமாறியது. ஆனால் எல்லைக் கோடு அழியவில்லை. கோட்டுக்கு அந்தப்புறம் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் செல்லுபடியாகும் சட்டம் இந்தப்புறம் திருநள்ளாற்றுக்கும் நிரவிக்கும் இல்லை. புதுச்சேரி அரசின் பொது நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. அவற்றுக்கான பணம் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தலைநகரின் நிதிநிலை அறிக்கையிலிருந்து வந்தாக வேண்டும். 1827இல் தொடங்கிய ரொமேன் ரோலன் நூலகம் அந்தத் தலைநகரில் இருக்கிறது. அதன் பெருமையில் நமக்கும் பங்கு உண்டுதான், ஆனால் நாளிதழ் படிக்க அங்கே போய்வர முடியாது. புதுச்சேரியின் நிதிநிலையும் தனி ரகம். சட்டப்பேரவை இருந்தாலும் யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழுவின் பங்கீட்டுக்குள் அது வராது. மார்ச்சில் முழு நிதிநிலை அறிக்கை வராமல், இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிச் சமாளித்த ஆண்டுகள் பல. இப்படிப்பட்ட கணக்கில் முதலில் அடிபடுவது, கேட்க ஆளில்லாத இனம்.

கேட்க ஆளில்லை என்பதை வெறும் புலம்பலாகச் சொல்லவில்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. காரைக்கால் நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் 'எங்கள் தெரு வாசகசாலைக்கு மூன்று மாதமாகப் பத்திரிகை வரவில்லை' என்று எழுந்து பேச அதன்பின் ஓர் உறுப்பினர்கூட இல்லை. மிச்சமிருப்பவர்கள் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முப்பது பேரில் நம்முடைய ஐந்து பேர். அவர்களிடம் வாய்க்கால் தூர்வாரலும் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் போய்ச் சேர்கின்றன, சேரவும் வேண்டும். நூலகம் போய்ச் சேர்வதில்லை.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதபோது புத்தகமா என்ற கேள்வி நியாயமானது; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அரிசியின் கதையையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. கடையைத் திற என்ற குரல் ஓயாமல் எழுந்தது, 2024இல் கடைகள் திறந்தன. கஜானா திடீரென்று நிரம்பியதால் நடந்ததல்ல அது. மேலும், கையில் காசு குறையும்போதுதான் நூலகத்தின் தேவை கூடுகிறது. முதலில் நிற்பது வீட்டுக்கு வரும் நாளிதழ், அடுத்து பயிற்சி மையத்துக்கான கட்டணம். அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு மின்விசிறியின் கீழே ஒரு மேசையும், புதிய பதிப்பில் பாடநூலும், இரவு எட்டு மணிவரை திறந்த கதவும் வேண்டும். எல்லாம்தான் கைப்பேசியில் இருக்கிறதே என்பவர்கள், மூன்று பேர் படிக்கும் ஓரறை வீட்டில் ஒரே கைப்பேசி எப்படிப் பங்குபோடப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நன்கொடையாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். பிரான்சில் உறவுகள் உள்ள ஊர் இது, கேட்டால் கொடுப்பார்கள். கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் கொடுப்பது எளிது, நூலகரின் மாதச் சம்பளத்துக்கும் பத்திரிகைச் சந்தாவுக்கும் யாரும் பெயர் பொறிப்பதில்லை. பிரிட்டனில் 2010க்குப் பின் வந்த சிக்கனக் காலத்தில் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. தப்பித்தவற்றில் பல, சம்பளம் வாங்கும் நூலகரை இழந்து தொண்டர்கள் கைக்கு மாறின. நம் ஊரில் பூட்டுப் போடும் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பணியிடம் நிரம்பாது, புதுநூல் வராது, நேரம் சுருங்கும். பலகை மட்டும் தொங்கும்.

தனி வரியும் முழு மருந்தல்ல. தமிழ்நாட்டிலேயே சென்னை மாநகராட்சி வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் கோடிக்கணக்கில் நிலுவை வைத்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. இதில் கேரளத்திடம் கற்கலாம். பி.என்.பணிக்கர் 1945இல் நாற்பத்தேழு நூலகங்களை இணைத்துத் தொடங்கிய சங்கத்தின் வழியில், அங்கே நூலகத்தை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழு. அரசு மானியம் தருகிறது. கணக்குக் கேட்கும் ஆள் உள்ளூரிலேயே இருக்கிறார். புதுச்சேரியின் இன்னொரு துண்டான மாஹே அந்தக் கேரளத்தால் சூழப்பட்டிருக்கிறது, ஆகவே இது நமக்குத் தெரியாத சங்கதியல்ல.

பணம் எங்கிருந்து என்பதற்குக் கோவா ஒரு வழி காட்டியது. அதுவும் ஐரோப்பியர் ஆண்ட கடற்கரை, மதுவுக்குப் பெயர்போனது. 1993ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தில் கோவா மதுவின் மீதே நூலக வரி வைத்தது. புதுச்சேரி அரசும் 2020இல் கொரோனா நெருக்கடியில் மதுவுக்குச் சிறப்பு வரி போட்டது. வேண்டுமென்றால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. குடிக்காசில் புத்தகமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விவரம்: சாலையும் சம்பளமும் ஏற்கெனவே அந்தக் காசில்தான் நடக்கின்றன. எல்லைக் கடைகளில் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்து வாங்குவதில் ஒரு சிறு பங்கு கோட்டுச்சேரியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் புத்தகமாக மாறினால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கை தயாராகும் முன்பே, ஒவ்வொரு கொம்யூனிலிருந்தும் வாசகர்கள் கையெழுத்திட்ட மனு அந்த ஐந்து உறுப்பினர்களின் கைக்குப் போக வேண்டும். அதில் நிரப்ப வேண்டிய பணியிடம், திறக்க வேண்டிய நேரம், வாங்க வேண்டிய பத்திரிகைகள் ஆகியவை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும்.